ரூ.1,100 கோடி காரும் 24 சென்டிமீட்டர் மாதிரியும்: அரிய பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது?

புது டெல்லி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தில் 2022-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி ஓர் ஏலம் நடைபெற்றது. அழைப்பு விடுக்கப்பட்ட சிலர் மட்டுமே அதில் பங்கேற்றனர். ஏலத்திற்கு வந்தது ஒரே ஒரு கார். 1955-ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட 'மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் உலன்ஹவுட் கூபே' என்ற அந்தக் கார் 13.5 கோடி யூரோவுக்கு விற்பனையானது. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய். அதற்கு முன்னர் ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போன கார், 2018-இல் அமெரிக்காவில் 4.84 கோடி டாலருக்கு விற்கப்பட்ட 1962-ஆம் ஆண்டின் ஃபெராரி 250 ஜிடிஓ ஆகும்.

உலகில் இந்த வகை கூபே கார்கள் இரண்டே இரண்டுதான் தயாரிக்கப்பட்டன. ஒன்று தனியார் சேகரிப்பாளரிடம் சென்றுவிட்டது. மற்றொன்று மெர்சிடஸ் நிறுவனத்தின் வசமே இருக்கிறது. எனவே இந்தக் காரைச் சொந்தமாக்கிக் கொள்வது பெரும் செல்வந்தர்களுக்கும் இயலாத காரியம். ஆயினும் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் நுணுக்கமான மாதிரி, உலகின் பல நாடுகளில் பல வீட்டு அலமாரிகளை அலங்கரிக்கிறது.

ஒரு கார் இவ்வளவு விலை பெறுவது ஏன்? அதன் சிறு மாதிரிக்கும் பணம் கொடுத்துக் காத்திருக்கும் சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள்? விளையாட்டுப் பொம்மைக்கும் சேகரிப்பு மாதிரிக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்விகளுக்கான விளக்கத்தைக் காண்போம்.

பந்தயத்திற்காகப் பிறந்த கார்

1954, 1955 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் மெர்சிடஸின் டபிள்யூ 196 கார் முன்னணியில் இருந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ அவ்விரு ஆண்டுகளிலும் உலக சாம்பியன் பட்டம் வென்றார். 1954-இல் பருவத்தின் தொடக்கப் பந்தயங்களை வேறு நிறுவனத்தின் காரில் ஓட்டிய அவர், பின்னர் மெர்சிடஸ் அணியில் சேர்ந்தார். அந்தக் காரின் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு, நீண்ட தூரச் சாலைப் பந்தயங்களுக்காக உருவாக்கப்பட்டதே 300 எஸ்எல்ஆர்.

எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட அதன் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 3,000 சிசி. அது சுமார் 300 குதிரைத்திறனை வெளிப்படுத்தியது. சாதாரண எஞ்சினில் வால்வுகளைத் திறப்பதற்கு கேம் உண்டு. மூடுவதற்கு ஸ்பிரிங் உண்டு. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங் ஈடுகொடுக்க இயலாமல் போகலாம். இந்த எஞ்சினில் வால்வை மூடும் வேலையையும் கேம் போன்ற இயந்திர உறுப்பே செய்தது. எரிபொருள் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. காரின் மேலுடல் எடை குறைந்த மக்னீசியக் கலவை உலோகத்தால் ஆனது.

1955 மே மாதம் இத்தாலியில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரத்திற்கு நடைபெற்ற மில்லே மிலியா பந்தயத்தில், பிரிட்டன் வீரர் ஸ்டிர்லிங் மோஸ் 300 எஸ்எல்ஆர் காரில் 10 மணி 7 நிமிடம் 48 வினாடிகளில் இலக்கை எட்டி வெற்றி பெற்றார். பொதுச் சாலைகளில் சராசரியாக மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் அதிக வேகம் அது. அவருக்கு வழிகாட்டியாக அருகில் அமர்ந்திருந்தவர் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன். காலை 7.22 மணிக்குப் புறப்பட்டதால் அந்தக் காருக்கு 722 என்ற எண் வழங்கப்பட்டது. மோட்டார் பந்தய ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் எண் அது.

அந்தக் கார் மேற்கூரை இல்லாதது. காற்றின் எதிர்ப்பைக் குறைக்கவும், நீண்ட பந்தயங்களில் ஓட்டுநர் களைப்படையாமல் இருக்கவும் மேற்கூரையுடன் கூடிய வடிவம் தேவை என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் கருதினர். பறவையின் இறகு போல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுடன் இரண்டு கூபே கார்கள் உருவாகின. அவை மணிக்கு 290 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடியவை. அந்தக் காலத்தில் சாலையில் ஓடிய கார்களில் அதற்கு நிகரானது அநேகமாக வேறில்லை.

வரலாற்றின் திருப்பம்

அந்தக் கார்கள் பந்தயக் களத்தை ஒருபோதும் காணவில்லை. அதற்குக் காரணம் ஒரு பெருந்துயரம்.

1955 ஜூன் 11-ஆம் தேதி பிரான்சின் லே மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு வீரர் பியர் லெவே ஓட்டிய 300 எஸ்எல்ஆர், முன்னே சென்ற மற்றொரு காரின் மீது மோதி மேலெழும்பி, பார்வையாளர்கள் பகுதியின் தடுப்பில் விழுந்து சிதறியது. லெவேயும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் உயிரிழந்தனர். மோட்டார் பந்தய வரலாற்றின் மிகக் கொடிய விபத்து அதுவே. பந்தயத்தில் முன்னிலையில் இருந்தபோதிலும், அன்றிரவு மெர்சிடஸ் தனது எஞ்சிய கார்களை விலக்கிக் கொண்டது.

அந்த விபத்துக்குப் பின்னர் பல பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. சுவிட்சர்லாந்து சுற்றுப்பாதைக் கார் பந்தயங்களுக்குத் தடை விதித்தது. மெக்சிகோவில் நடைபெறவிருந்த கரேரா பானமெரிக்கானா சாலைப் பந்தயமும் கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன் பட்டத்தை வென்ற கையோடு, பருவத்தின் முடிவில் மெர்சிடஸ் பந்தயங்களிலிருந்து விலகியது. புதிய கூபே கார்களுக்கு ஓட்டுநரும் இல்லை. ஓடுவதற்குக் களமும் இல்லை.

நிறுவனத்தின் சோதனைப் பிரிவுக்குத் தலைமை வகித்த பொறியாளர் ருடால்ஃப் உலன்ஹவுட், அவற்றில் ஒன்றைத் தமது அலுவலகப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். லண்டனில் பிறந்த அவர், பந்தய வீரர்களுக்கு இணையாகக் கார் ஓட்டும் திறன் பெற்றிருந்தார். காரின் இரைச்சலைக் குறைப்பதற்காகப் பக்கவாட்டில் பெட்டி போன்ற பெரிய சைலன்சர் பொருத்தப்பட்டது. பந்தயம் காணாத அந்தக் கார் இவ்வாறு அவரது பெயராலேயே அறியப்படலாயிற்று.

அரியதாவதற்கு மூன்று வழிகள்

உலன்ஹவுட் கூபே அரியதாக இருக்க வேண்டும் என்று எவரும் திட்டமிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் பந்தயங்கள் திட்டப்படி நடந்திருந்தால் அத்தகைய கார்கள் மேலும் சில உருவாகியிருக்கக்கூடும். சில மோதிச் சிதைந்திருக்கவும் கூடும். வரலாறு பாதியில் நின்றதால் இரண்டு மட்டுமே எஞ்சின. ஒரு பொருள் அரியதாவதற்கான முதல் வழி இது.

மாதிரிக் கார்களின் உலகில் வேறு இரண்டு வழிகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது, சேகரிப்பில் இறங்குவோருக்கு மிகவும் இன்றியமையாதது.

இரண்டாவது வழி, தயாரிப்பாளரின் முடிவு. 'இந்த மாதிரி ஆயிரம் மட்டுமே தயாரிக்கப்படும்' என்று அறிவித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறித்து விற்பது. எண்ணிக்கை உண்மையாகவே குறைவுதான். ஆனால் அதே வார்ப்பு அச்சைக் கொண்டு நிறத்தை மாற்றி, எண்ணை மாற்றி அடுத்த வெளியீட்டையும் சந்தைக்குக் கொண்டு வர முடியும்.

மூன்றாவது வழி, பயன்பாட்டால் ஏற்படும் இழப்பு. லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்ட மலிவான பொம்மைக் கார்களைக் குழந்தைகள் விளையாடித் தீர்த்தனர். சாயம் உதிர்ந்தது, சக்கரம் கழன்றது, அட்டைப்பெட்டி குப்பைக்குப் போனது. பெட்டியோடு பழுதின்றி எஞ்சிய சிலவே பிற்காலத்தில் அரியவையாயின. யாரும் சேமித்து வைக்க வேண்டும் என்று கருதாததே அவற்றின் மதிப்புக்கு அடிப்படை. இதற்கு நேர்மாறாக, சேகரிப்புக்கென்றே விற்கப்படும் மாதிரிகளை வாங்குவோர் அனைவரும் பத்திரமாகவே வைத்திருக்கின்றனர். ஆகவே அவை காலப்போக்கில் எண்ணிக்கையில் பெரிதாகக் குறைவதில்லை. 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்ற சொல்லை மட்டும் நம்பி, முதலீடாகக் கருதி வாங்குவோர் ஏமாற்றம் அடைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கொல்கத்தாவில் பிறந்த கார்கள்

இந்த மூன்றாம் வழிக்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பிரிட்டனின் மெக்கானோ நிறுவனம் 1930-களில் தொடங்கிய 'டிங்கி டாய்ஸ்' உலகெங்கும் புகழ்பெற்ற உலோகப் பொம்மைக் கார்கள். அவற்றின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் கொல்கத்தா நிறுவனம் ஒன்றின் கைக்கு வந்தன. அந்த அச்சுகளிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டு இந்தியச் சந்தையில் விற்கப்பட்டன.

மூல டிங்கி கார்களோடு ஒப்பிடும்போது அவற்றின் வார்ப்பும் சாயப்பூச்சும் சற்றுக் கரடுமுரடானவை. ஆயினும் அந்தக் குறையே இன்று அடையாளமாகிவிட்டது. பெட்டியோடு கிடைக்கும் நிக்கி கார்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகின்றனர். இந்திய வீடுகளின் பழைய பெட்டிகளில் அவை இன்னமும் கிடக்கக்கூடும் என்பதால், உடைந்த பொம்மை என்று தூக்கி எறிவதற்கு முன் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டுள்ள பெயரை ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாதிரி எவ்வாறு உருவாகிறது?

மாதிரிக் கார்களில் 1:18, 1:43, 1:64 ஆகிய அளவு விகிதங்கள் பரவலாக உள்ளன. 1:18 என்றால் உண்மையான காரின் ஒவ்வொரு நீளமும் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது என்று பொருள். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள உலன்ஹவுட் கூபே, இந்த அளவில் சுமார் 24 சென்டிமீட்டர் ஆகிறது. 1:43 அளவில் 10 சென்டிமீட்டர். 1:64 அளவில் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. இவற்றில் 1:43 என்ற விகிதம் பொம்மை ரயில் அளவுகளின் வழியாக வந்தது. ரயில் பாதையின் ஓரத்தில் நிறுத்திவைப்பதற்காகவே தொடக்கத்தில் அத்தகைய சிறு வாகனங்கள் தயாரிக்கப்பட்டன.

தயாரிப்பு முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது 'டை காஸ்ட்' எனப்படும் அழுத்த வார்ப்பு. உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் உயர் அழுத்தத்தில் செலுத்துவது இம்முறை. எஃகு அச்சைச் செதுக்குவதற்குப் பெரும் செலவாகும் என்றாலும், ஓர் அச்சிலிருந்து பல்லாயிரம் கார்களை வார்க்கலாம். இரண்டாவது, ரெசின் வார்ப்பு. சிலிக்கோன் அச்சில் ஊற்றப்படும் இம்முறைக்குத் தொடக்கச் செலவு குறைவு. ஆனால் அச்சு விரைவில் தேய்ந்துவிடும். எனவே குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் அரிய கார்களின் மாதிரிகளுக்கு ரெசின் ஏற்றது. அத்தகைய மாதிரிகளில் கதவுகள் பெரும்பாலும் திறப்பதில்லை.

உலன்ஹவுட் கூபேயை 1:18 அளவில் உலோகத்தில் வெளியிட்ட நிறுவனங்களுள் ஜெர்மனியின் சிஎம்சி முக்கியமானது. கையால் பொருத்தப்படும் பாகங்கள், திறக்கக்கூடிய கதவுகள், எஞ்சின் அறையில் தெரியும் குழாய்கள் ஆகியவற்றுக்காக அந்நிறுவனத்தின் மாதிரிகள் அறியப்படுகின்றன. அவற்றில் சில ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களைக் கொண்டவை.

சிறிதாக்குவதில் உள்ள சிக்கல்

ஒரு காரை எல்லாப் பக்கங்களிலும் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் மாதிரி தயாராகிவிடும் என்று தோன்றலாம். நடைமுறையில் அது அவ்வளவு எளிதன்று.

எடுத்துக்காட்டாக, காரின் மீதுள்ள சாயப்பூச்சின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மாதிரியிலும் அதே தடிமனில் சாயம் பூசினால், உண்மையான காரில் 1.8 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சாயம் அப்பியது போன்ற தோற்றம் ஏற்படும். நுண்ணிய விளிம்புகள் மழுங்கிவிடும். வெள்ளி நிறச் சாயத்தில் கலந்துள்ள உலோகத் துகள்களும் அவ்வாறே. துகள்களின் அளவைக் குறைக்காவிட்டால் மாதிரி, பந்தயக் காரைப் போலன்றிப் பொம்மையைப் போல மினுமினுக்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையே காரில் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மாதிரியில் அது 0.22 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். அந்தத் துல்லியத்தில் கதவு திறந்து மூடவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் எந்த அளவுக்குச் சமாளித்திருக்கிறார்கள் என்பதே பொம்மைக்கும் சேகரிப்பு மாதிரிக்கும் இடையிலான கோடு. பொம்மை கீழே விழுந்தாலும் உடையாமல் இருக்க வேண்டும். மாதிரி மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஒன்றின் நோக்கம் மற்றொன்றுக்கு எதிரானது.

சுங்கத்துறையின் பார்வையில்

இந்த வேறுபாடு இந்தியாவில் இறக்குமதி வரியின் வடிவில் சேகரிப்பாளர்களின் பணப்பையைத் தொடுகிறது. சுங்க வகைப்பாட்டில் பொம்மைகளும், பொழுதுபோக்குக்கான அளவு குறைக்கப்பட்ட மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலை ஊக்குவிக்கும் நோக்கில், பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. தரமற்ற மலிவுப் பொம்மைகளின் வரவைத் தடுக்கும் அந்த நடவடிக்கையின் சுமை, வெளிநாட்டிலிருந்து ஒரேயொரு மாதிரியை வரவழைப்பவரின் மீதும் விழுகிறது.

மறுபுறம், 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்களையே பொம்மை என்று வரையறுத்து ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கியது. சேகரிப்பு மாதிரிகளின் பெட்டிகளில் '14 வயதுக்கு மேற்பட்டோருக்கு' என்ற குறிப்பு காணப்படுவதன் முக்கியத்துவம் இங்கு விளங்கும். வெளிநாட்டுக் கடைகளில் வாங்குவோர், பொருளின் விலையோடு வரி, அஞ்சல் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவெடுப்பது நல்லது.

உண்மையான பழங்கார்களுக்கும் நாட்டில் தனி விதிகள் உள்ளன. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வாகனங்களை 'விண்டேஜ்' வாகனங்களாகப் பதிவு செய்யும் விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-இல் வெளியிட்டது. அவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். மூலத்திலிருந்து விலகாதிருத்தல் என்ற அளவுகோல், காருக்கும் அதன் மாதிரிக்கும் பொதுவானது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பழைய உலோக மாதிரிகளை வாங்கும்போது 'துத்தநாக நோய்' குறித்து எச்சரிக்கை தேவை. வார்ப்பின்போது துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசுகள் கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகிவிடும். இதைத் திருத்த வழியில்லை. சாயத்தின் மீது மெல்லிய விரிசல்களோ கொப்புளங்களோ தென்பட்டால் அதை வாங்காமல் தவிர்ப்பதே நலம்.

ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் அட்டைப்பெட்டிகளில் பூஞ்சை படர்வதும், சிறு திருகுகள் துருப்பிடிப்பதும் இயல்பு. பெட்டியும் சான்றிதழும் மாதிரியின் மதிப்பில் கணிசமான பங்கு வகிப்பதால் அவற்றையும் உலர்ந்த இடத்தில் பாதுகாக்க வேண்டும். நேரடி வெயில் சாயத்தை மங்கச் செய்யும். மென்மையான டயர்கள் பல ஆண்டுகள் பிளாஸ்டிக் தளத்தின் மீது அழுந்தியிருந்தால், அவற்றிலிருந்து கசியும் வேதிப்பொருள் தளத்தை உருக்கிவிடக்கூடும். காருக்கு அடியில் சிறு முட்டுக் கொடுத்து, சக்கரங்கள் தளத்தைத் தொடாதவாறு வைப்பது இதற்கு எளிய தீர்வு.

ஏலப் பணம் சென்ற இடம்

உலன்ஹவுட் கூபே விற்கப்பட்டபோது, ஒரு நாட்டின் தொழில்நுட்ப மரபாகக் கருதத்தக்க பொருளைத் தனியார் கைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. இரண்டாவது கார் தன்னிடமே இருக்கும் என்றும், விற்கப்பட்ட கார் சிறப்பு நிகழ்வுகளில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதற்கு அதன் புதிய உரிமையாளர் இசைந்துள்ளார் என்றும் மெர்சிடஸ் அறிவித்தது. விற்பனைத் தொகை, சுற்றுச்சூழல் மற்றும் கார்பன் குறைப்புத் துறைகளில் இளைஞர்களின் கல்விக்கும் ஆய்வுக்கும் உதவும் நிதியத்துக்கு அளிக்கப்பட்டது. பெட்ரோலைக் குடித்து விரைந்த ஒரு பந்தயக் கார், தலைமுறைகள் கடந்து கார்பன் குறைப்புக்கு நிதி திரட்டித் தந்தது.

எனினும் அந்தக் காரை நேரில் காணும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கும். ஏனையோருக்கு அதன் கதவு எவ்வாறு மேல்நோக்கித் திறக்கும், அந்தப் பெரிய சைலன்சர் பக்கவாட்டில் எங்கே பொருந்தியிருந்தது என்பதை முப்பரிமாணத்தில் காட்டுவது 24 சென்டிமீட்டர் மாதிரியே. அது மூலத்தின் விலையில் பங்கு கேட்பதில்லை. மூலத்தைப் பற்றிய அறிவைப் பகிர்ந்தளிக்கிறது. மறுவிற்பனை லாபத்தைக் கணக்கிட்டு வாங்குவோர் ஏமாறக்கூடும். ஒரு பொறியாளரின் சிந்தனையையும், ஒரு விபத்தால் பாதியில் நின்ற வரலாற்றையும் அறிந்து வாங்குவோருக்கு அந்த மாதிரி கொடுத்த விலைக்குக் குறையாத பயனைத் தரும்.